வீட்டுக்கு ஒருவர்

தீபாவளி முடிந்த வாரம். அண்ணி போனில் மழையைப் பற்றி, இருமலைப் பற்றி, மகளின் பரீட்சையைப் பற்றி எல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில், "கதவுதான் பாப்பா, மூடவே மாட்டேங்குது. தண்ணி குடிச்சு ஊதிக்கிச்சு போல" என்றார். எனக்கு நாற்பது வயதாகப் போகிறது. அந்த வீட்டில் நான் இன்னும் பாப்பாதான்.

"பின்னாடி கான்ல தண்ணி எப்படி வருது அண்ணி?"

"செவப்பா, சேறா வருது. மழ விட்டாலும் நிக்காம வருது. ஏன் கேக்குற?"

ஏன் கேட்டேன் என்றால், அதுதான் என் பிழைப்பு. மலைச்சரிவுகளில் மண் நகர்கிறதா என்று பார்த்துச் சொல்லும் அலுவலகம் ஒன்றில், பதுளையில் வேலை செய்கிறேன். மண்ணையும் பாறையையும் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். நேற்றுவரை மூடிய கதவு இன்று மூடவில்லை என்றால் பலகை ஊதியிருக்கலாம். மழை விட்ட பிறகும் கானில் சேற்றுத் தண்ணீர் ஓடுகிறது, கதவும் மூடவில்லை என்று ஒரே மூச்சில் ஒருவர் சொன்னால், ஊதியது பலகை அல்ல. வீட்டின் கீழே நிலம் அசைகிறது. அண்ணியிடம் அதைச் சொல்லவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நான் பிறந்ததும் அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு அறை, முன்னால் ஒரு ஒட்டுத் திண்டு, பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் கான், அதற்கு மேலே செங்குத்தாகத் தேயிலை மலை. அண்ணனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா, அப்பா போன பிறகு எங்கள் காம்பரா அவருடையதாயிற்று. மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறினேன். தேயிலைத் தூர்களுக்கு நடுவில் பிறை வடிவில் ஒரு வெடிப்பு இருந்தது. குடையை உள்ளே விட்டுப் பார்த்தேன், பிடி வரைக்கும் போயிற்று. வெடிப்புக்குக் கீழ்ப்பக்கம் இருந்த தூர்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"மாடு மிதிச்சிருக்கும்" என்றார் அண்ணன்.

"எத்தன மாடுண்ணே இப்படி வரிசையா மிதிக்கும்?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது இரண்டு பேருக்கும் கோபம் வரவில்லை. வெடிப்பின் இரண்டு பக்கமும் மரக்குச்சி அடித்து, இடைவெளியை அளந்து வைத்துக்கொண்டு இறங்கினேன்.

இரண்டொரு நாளில் எங்கள் அலுவலகப் பெரியவர் வந்தார். சிங்களவர், ஓய்வு பெறப் போகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவர் வெடிப்பின் ஓரமாக நடந்து, குச்சிகளின் இடைவெளியைத் தானும் அளந்தார். எங்கள் லயத்துக் குடும்பங்கள் எல்லாம் மழை ஓயும்வரை கீழே பள்ளிக்கூட மண்டபத்தில் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கூட்டம் போட்டோம். அவர் சிங்களத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு அக்கா மட்டும் கையை உயர்த்தி, "தொர பங்களா இன்னும் மேலதானே இருக்கு? அதுக்கு ஒண்ணும் ஆகாதாங்க?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அதற்கு நான் சரியான பதில் சொன்னேன். தோட்டத்து மேலாளரான துரையின் பங்களா இருப்பது பாறை முதுகின் மேல். லயம் இருப்பது நாலா பக்கத்துத் தண்ணீரும் வந்து இறங்கும் பள்ளத்தில். வெள்ளைக்காரன் கட்டும்போதே நல்ல நிலத்தில் பங்களாவைக் கட்டிவிட்டு, மிஞ்சிய நிலத்தில் லயத்தைக் கட்டினான். ஆகவே பங்களாவுக்கு ஆபத்தில்லை என்றேன். ஒரு எழுத்துப் பிசகில்லாத பதில். அதைவிட மோசமான பதிலை அந்த இடத்தில் வேறு யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அன்று சாயங்காலமே பேஸ்புக்கில் லைவ் வந்துவிட்டது. போட்டவர் அதே தோட்டத்துக்காரர், இப்போது கொழும்பில் ஆட்டோ ஓட்டுகிறார். பண்டிகைக்கு வந்தவர் இன்னும் திரும்பிப் போகவில்லை. அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. லயத்துக்குக் குடிக்க வரும் பீலித் தண்ணீரில் புழு வந்தபோது அவர் போட்ட வீடியோவால்தான் புதுக் குழாய் வந்தது. பிரசவ வலி வந்த பெண்ணுக்குத் தோட்ட நிர்வாகம் வாகனம் தராதபோது அவர் போட்ட சத்தத்தில்தான் வாகனம் வந்தது. நான் படித்து வேலைக்குப் போன பிறகு அந்தத் தோட்டத்துக்கு என்ன செய்தேன் என்று கேட்டால், வருகிறபோது பேக்கரிச் சாமான் வாங்கிக்கொண்டு போவேன், அவ்வளவுதான்.

வீடியோவில் அவர் என் குச்சிகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். "அன்பான உறவுகளே, இதப் பாருங்க. இதுதான் அவங்க சொல்ற வெடிப்பு. சின்ன வயசுலேருந்து நாங்க பாக்குற வெடிப்பு. வெயில்ல வெடிக்கும், மழையில மூடும். நம்ம பாட்டன் பூட்டன் தலமுற தலமுறையா இருந்த மல இது. அப்பல்லாம் வராத மண்ணு இப்ப மட்டும் ஏன் வருது? தொர பங்களாவுக்கு வராதாம், நமக்கு மட்டும் வருமாம். மண்ணு வராது உறவுகளே. வரப்போறது ஹோட்டலு!"

மழைக்காலத்தின் நடுவில், வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் வெடிப்பில் கையை விட்டுக்கொண்டே, மழையில் மூடிவிடும் என்று ஒரு மனிதர் சொல்கிறார். பார்க்கிறவர்கள் அதற்கு இதயம் இதயமாக அனுப்புகிறார்கள். எனக்குத் தலை கொதித்தது.

ஆனால் அந்த ஹோட்டலை அவர் வானத்திலிருந்து பறித்துக்கொண்டு வரவில்லை. சுற்றுலாக்காரர்கள் வரும் எல்ல ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்படி நடந்திருந்தது. ஒரு பெருமழைக்கு லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். சனங்கள் தகரக் கொட்டிலுக்குப் போனார்கள். கொட்டிலிலேயே பிள்ளைகள் பெரிதாகிவிட்டன. லயத்துக்குப் புது ஓடு போட்டு, வெள்ளை அடித்து, வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்து மலை பார்க்க நாற்காலி போட்டார்கள். எங்கள் ஆட்கள் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். மண் விஷயத்தில் அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. மனிதர் விஷயத்தில் அவர் சொன்னது பொய்யில்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது, கேட்க ஆளில்லை.

முதலில் அந்த வீடியோவின் கீழ் நீளமாக எழுதினேன். பாறைக்கு மேல் மண் எப்படி உட்கார்ந்திருக்கிறது, தண்ணீர் உள்ளே இறங்கும்போது என்ன நடக்கிறது, இந்த வெடிப்பு ஏன் வெயில் வெடிப்பு இல்லை என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுதினேன். பதில்கள் உடனே வந்தன. "எவ்வளவு வாங்குனீங்க மேடம்?" "படிச்சதும் தொர பக்கம் போயாச்சு." டுபாயில் இருக்கிற ஒருவர், தானும் அந்தத் தோட்டம்தான், அந்த மலைக்கு ஒன்றும் ஆகாது என்று அங்கிருந்தே உத்தரவாதம் தந்தார். ஒரு டியூஷன் மாஸ்டர், நாலு மரம் நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும், இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்டார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். "அக்கா சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ரெண்டு பக்கமும் பாக்கணும்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மலைக்கு எத்தனை பக்கம் தம்பி என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

பிறகு நானும் ஒரு வீடியோ எடுத்தேன். முகம் வெளிறி, கண் ஒரு பக்கமும் போன் ஒரு பக்கமுமாக இருந்தது. அதில் "ஆபத்துக்கான வாய்ப்பு அதிகம்" என்கிறேன், "கவனமாக இருப்பது நல்லது" என்கிறேன். என் வாயில் வேறு சொல் வராது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லக்கூடாது என்பதுதான் நாங்கள் படித்த படிப்பின் முதல் பாடம். அவர் வராது என்று அடித்துச் சொல்கிறார். நான் வரலாம் என்று இழுக்கிறேன். நானே வெளி ஆளாக இருந்து பார்த்திருந்தால் அவரைத்தான் நம்பியிருப்பேன்.

வேறு வழியில்லாமல் அண்ணனிடம் போனேன். அண்ணன் போனால் மற்றவர்களும் போவார்கள் என்பது எனக்குத் தெரியும். கோயில் கமிட்டியில் இருக்கிறவர், அநாவசியமாகப் பேசாதவர். நான் போய்ச் சேர்ந்தபோது கதவைக் கழற்றி வைத்து, அடிப்பக்கத்தைச் சீவுளி போட்டுச் சீவிக்கொண்டிருந்தார். மரச்சீவல் திண்டெல்லாம் கிடந்தது. திரும்ப மாட்டி, மூடிக் காட்டினார். அழகாக மூடியது.

"பாத்தியா? இதுக்குப் போயி" என்றார்.

"அண்ணே, கதவுல ஒண்ணுமில்ல. செவுருதான் சாயுது."

"சரி. நிச்சயமா மண்ணு வருமா? ஆமாவா இல்லையா, ஒண்ணு சொல்லு."

"வரலாம்ணே."

"வரலாம்னா, வராமயும் போகலாம்ல?"

"போகலாம்."

"அவன் வராதுன்னு அடிச்சுச் சொல்றான். நீ படிச்சவ, ஒன்னால அடிச்சு ஒரு வார்த்த சொல்ல முடியல." அவர் குரலில் ஏளனம் இல்லை. எனக்காக வருத்தப்படுகிற குரல் அது. "சரி, அத விடு. நாங்க எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போறோம்னு வச்சுக்க. திரும்பி வரும்போது இந்தக் காம்பரா எங்களுக்குத்தான்னு யாரு சொல்லுவா? நீ சொல்லுவியா? ஒங்க பெரியவரு சொல்லுவாரா?"

அந்தக் கேள்வியை நான் பெரியவரிடமும் கேட்டேன். அது நம்முடைய விஷயம் இல்லையே மகள், பிரதேச செயலகத்துக்கு எழுதலாம் என்றார். அவர் சொன்னது சரி. மண் எங்கள் விஷயம், வீடு வேறொருவர் விஷயம், காணி இன்னொருவர் விஷயம். தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒரு எல்லை இருக்கிறது. அந்த ஆட்டோக்காரருக்குத்தான் எல்லை கிடையாது. மண், வீடு, காணி, ஹோட்டல் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மூச்சில் பதில் இருந்தது.

லயத்தில் யாரிடமும் காணி உறுதி, நிலத்துக்கான பத்திரம், கிடையாது. குடியிருப்பதுதான் உறுதி. அடுப்பெரிகிற காம்பராவை ஆளுள்ள காம்பரா என்பார்கள். பூட்டிக் கிடந்தால் கணக்கப்பிள்ளை வாயிலிருந்து ஆளில்லை என்ற வார்த்தை வந்துவிடும், அப்புறம் அலைய வேண்டியதுதான். அதனால் கதிர்காமத்துக்குப் போனாலும், வெலிமடையில் சொந்தக்காரர் கலியாணம் என்றாலும், வீட்டுக்கு ஒருவரை விட்டுவிட்டுத்தான் போவார்கள். என் பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா வரவில்லை. காரணம் அதுதான். எனக்கு அது அப்போது வினோதமாகக்கூடப் படவில்லை.

மண்சரிவுக்கும் அவர்கள் அதையேதான் செய்தார்கள். கோயில் கமிட்டி கூடிப் பேசி முடிவெடுத்து, எனக்கு மரியாதையாகச் சொல்லியும் அனுப்பினார்கள். அதிகாரியம்மா சொல்வதைத் தட்டவில்லை, பெண்களும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவார்கள். வீட்டுக்கு ஒருவர் மட்டும் இருந்துகொள்வார்.

பேச்சைக் கேட்டதும் ஆயிற்று, வீட்டைக் காத்ததும் ஆயிற்று என்பது அவர்கள் நினைப்பு. எங்கள் வீட்டில் அந்த ஒருவர் என் அண்ணன்.

மழை வலுத்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு மத்தியானம் போனபோது மண்டபம் ஏறக்குறையக் காலியாக இருந்தது. இரண்டு கிழவிகளும் கைப்பிள்ளைகளும்தான் இருந்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். "சமைக்கப் போயிருக்காங்கம்மா. ஆம்பளைங்க சாப்புட வேணாமா? அடுப்பும் எரியணுமில்ல?" என்றார் ஒரு கிழவி.

வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். கொட்டுகிற மழைக்குள் எல்லாக் காம்பராவிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே என் வெடிப்பு இருக்கும் மலை, பாதி மேகத்துக்குள்.

ஏறிப்போய்க் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. பைத்தியமா உங்களுக்கு என்று தொடங்கியது மட்டும் தெரிகிறது. அண்ணி கையில் அகப்பையோடு என்னைப் பார்த்தார். அண்ணன் மகள் அடுப்புக்கு முன்னால் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காம்பராக்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், ஒருவர் போனை உயர்த்தினார். அண்ணன் எழுந்துபோய் அந்தப் போனை மெதுவாக இறக்கிவிட்டு வந்து, எனக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தார். "நனஞ்சிருக்க. குடி" என்றார். குடித்தேன். சூடு இறங்கியதும் அழுகை வந்தது.

அலுவலகம் சொல்லி, பொலிஸார் லயத்துக்குப் போனார்கள். ஆண்கள் மறுபேச்சில்லாமல் இறங்கி வந்தார்கள், பொலிஸ் ஜீப் திரும்பியதும் ஏறிப்போனார்கள். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து மழைமானி அனுப்பும் அளவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கக்கூடாத அளவுக்கு அது ஏறிக்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் யாருக்குப் போன் வந்தாலும் நான் எழுந்து நின்றுவிடுவேன். அண்ணனை மணிக்கொரு தரம் கூப்பிட்டேன். "இருக்கேன் பாப்பா" என்று சொல்லி வைத்துவிடுவார்.

பிறகு மழை விட்டது. மண் வரவில்லை.

வெயில் வந்து, பாய்களைக் காயப்போட்டு, எல்லோரும் லயத்துக்குத் திரும்பினார்கள். மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். போகாவிட்டால் கோபித்துக்கொண்டேன் என்று ஆகிவிடும், அதனால் போனேன். ஆட்டோக்காரர் அன்றும் லைவ் போட்டார். "எங்க உறவுகளே மண்ணு? எங்க?" என்று போனைச் சுற்றிக் காட்டினார். என்னைக் கண்டதும் மட்டும் போனைத் திருப்பிக்கொண்டார், பொங்கலும் அவர்தான் கொண்டுவந்து தந்தார். யாரும் என்னைக் குத்திப் பேசவில்லை. அண்ணன் என் தோளில் கைவைத்து, "பரவால்ல பாப்பா. ஒனக்கும் தப்பு வரும்ல?" என்றார்.

எனக்குத் தப்பு வரவில்லை என்று எப்படிச் சொல்வது? அண்ணன் உயிரோடு என் முன்னால் நிற்கிறார். அவர் நிற்பதுதான் என் தப்புக்குச் சாட்சி. நான் சொன்னது சரி என்று காட்ட எனக்கு என்ன நடந்திருக்க வேண்டும்? அதை நினைத்துப் பார்க்கவே கூசியது. பொங்கல் இலையோடு நின்றுகொண்டு, ஆமாண்ணே என்றேன்.

எல்லோரும் சாப்பிடும்போது மேலே போய்க் குச்சிகளை அளந்தேன். இடைவெளி கூடியிருந்தது. கொஞ்சநஞ்சமாக அல்ல. அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். "மழைக்கு ஓரம் கரஞ்சிருக்கும்" என்றார். இந்தமுறை நான் விளக்கவில்லை. விளக்கத்தை எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன், பெரியவர் அதற்கு மேலே கடிதம் வைத்து, பிரதேச செயலகம் உட்பட மூன்று இடத்துக்கு அனுப்பினார். வேறு இடத்தில் காணி கொடுத்து, வீடு கட்டிக் கொடுத்து, கையில் உறுதியும் கொடுத்தால் அந்தச் சனம் ஒரே நாளில் இறங்கிவிடும். அது எங்களுக்கும் தெரியும், அந்த மூன்று இடத்துக்கும் தெரியும்.

மார்கழியில் திரும்பவும் மழை வருகிறது என்று செய்தி வந்தது. முந்தியதைவிடக் கனமாக வரும் என்றார்கள். அந்த மலைக்கு இன்னொரு கனமழை தாங்காது. இதையாவது நான் அடித்துச் சொல்வேன். கோயில் கமிட்டித் தலைவருக்குப் போன் பண்ணி, எல்லோரையும் பள்ளிக்கூட மண்டபத்துக்கு இறங்கச் சொன்னேன். அவர் தட்டாமல் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் என் பேரைப் போட்டு அறிவித்தார். நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். அறிவிப்பின் கீழே சிரித்த முகங்கள் வரத் தொடங்கின. கண்ணீர் வரச் சிரிக்கிற முகங்கள், வரிசையாக. ஹோட்டல்காரி என்று ஒருவர். மண்சரிவு மேடத்துக்கு வேலை இல்லைபோல என்று இன்னொருவர்.

அப்போது அண்ணனின் குரல் பதிவு வந்தது. அவர் அந்தக் குழுவில் பேசி நான் கேட்டதே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகப் பேசியிருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சியப் பத்தி யாரும் இப்படிப் பேச வேணாம். அவ நம்ம புள்ள. காசுக்குப் பேசுறவ இல்ல, அவ வேல அது, நம்ம மேல உள்ள பாசத்துலதான் சொல்றா. ஆனா யாரும் பயந்துக்காதீங்க. நான் அவ கூடப் பொறந்தவன். ஆபத்துன்னா எனக்குச் சொல்லாம இருப்பாளா? நான் இங்கதான் இருக்கேன். போன தடவ பொம்பளைங்க, புள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூடத்துக்கும் லயத்துக்குமா ஏறி எறங்கிக் கஷ்டப்பட்டுட்டாங்க. இந்தத் தடவ அந்தக் கஷ்டம் வேணாம்."

சிரித்த முகங்கள் நின்றுவிட்டன. கும்பிடுகிற கைகள் வரத் தொடங்கின. ஆட்டோக்காரரும் கும்பிட்டு, "அதிகாரியின் சொந்த அண்ணனே சொல்லிவிட்டார்" என்று எழுதினார்.

அண்ணனைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அண்ணியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"பாப்பா, அண்ணன் பேசுனதக் கேட்டியா? இனி ஒன்ன ஒருத்தன் ஒரு வார்த்த சொல்ல மாட்டான்."

"அண்ணி, நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"வீட்லதான்" என்றார். "எல்லாரும் வீட்லதான் இருக்கோம்."